அடுப்பில் காலை வைத்து எரித்த பேய்: யார் இந்த விட்டலாச்சார்யா? பேய்ப் பட 'பார்ட் 2'க்களைப் பார்த்து நாம ஏன் சிரிக்கிறோம்?

பேய்ப் படத்துக்குப் போனா பயந்துட்டு வரணும். ஆனால் பேய்ப் படங்களின் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரும்போது தியேட்டரில் நடப்பது பெரும்பாலும் வேறு. பேய் பறந்து வரும் நேரத்தில் பின்வரிசையில் ஒருத்தர் சிரிப்பார். அது அப்படியே முன்வரிசை வரை பரவும். ஒரு ஷாட்டில் ராட்சதப் பாம்பு நிஜம் போல நெளியும், அடுத்த ஷாட்டில் அதே பாம்பு மொபைல் கேமிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கும். இயக்குநர் பயமுறுத்த நினைத்த இடத்தில் மீம் பிறக்கும்.

இந்தச் சிரிப்புக்குப் பயப்படாத ஒருவர் தென்னிந்திய சினிமாவில் இருந்தார். பி.விட்டலாச்சார்யா. தெலுங்கில் அவருக்கு 'ஜானபத பிரம்மா' என்று பட்டம், தமிழில் 'மாயாஜால மன்னன்'. தென்காசி, குற்றாலம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கோயில் கொடைக்கு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய படம் போட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் சட்டென்று ஞாபகம் வராமல் போகலாம். ஆனால் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் வைத்து எரித்துச் சமைக்கும் மோகினி கண்டிப்பாக ஞாபகம் இருக்கும். 1978-ல் வந்த 'ஜகன்மோகினி' படத்தின் அந்தக் காட்சியை எடுத்தவர்தான் இவர்.

அவர் என்ன செய்தார், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எங்கே வழுக்கினார்கள்? பார்ப்போம்.

பூதங்கள் ஆடும் ஊரிலிருந்து...

விட்டலாச்சார்யா பிறந்தது 1920-ல், கர்நாடகத்தின் உடுப்பிக்குப் பக்கத்தில் இருக்கும் உத்யாவரா கிராமத்தில். அப்பா ஆயுர்வேத வைத்தியர். பையனுக்கோ படிப்பு ஏறவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாடகம், கூத்து என்றால் மட்டும் உயிர். ஒன்பது வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். கிடைத்த வேலையை எல்லாம் செய்து, கடைசியில் அரசிகெரேயில் ஒரு ஹோட்டல் நடத்தும் அளவுக்கு வந்தார்.

இந்த உடுப்பிப் பக்கத்தைத் துளுநாடு என்பார்கள். 2022-ல் 'காந்தாரா' பார்த்தவர்களுக்கு அந்த ஊர் எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் மஞ்சள் பூசி, தென்னங்குருத்தைக் கட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க ஆடும் பூத கோலா அங்கே ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு. இன்னொரு பக்கம் யட்சகானம். அதில் அரக்கன் வந்தால் கூட்டம் நடுங்கும், அடுத்த நிமிடம் கோமாளி வந்தால் அதே கூட்டம் சிரிக்கும். பயமும் சிரிப்பும் ஒரே மேடையில், ஒரே ராத்திரியில் நடப்பது அந்த மண்ணில் புதுசு கிடையாது.

தென்காசிக்காரர்களுக்கும் அது புதுசு கிடையாது. சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நடக்கும் ஊர்கள் இவை. மகுடம் அடித்துக் கணியான் கூத்து நடக்கும். வில்லிசைக் கலைஞர் இசக்கியின் கதையைப் பாடி, கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறிய வைத்துவிட்டு, இடையில் உள்ளூர் சமாச்சாரம் ஒன்றை இழுத்துவிட்டுச் சிரிக்கவும் வைப்பார். நள்ளிரவில் கோமரத்தாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பும்போது அதே கூட்டம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். இசக்கியின் கதையே என்ன? நகைக்காகக் கொல்லப்பட்ட ஒரு பெண், கொன்றவனைத் தேடி மறுபிறவியில் வருகிறாள். கள்ளிச்செடியைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ப் பஞ்சாயத்து முன்னால் நிற்கிறாள். பேய் மனைவியாக வீட்டுக்குள் நுழையும் கதை இந்தப் பக்கத்துக்குச் சினிமாவுக்கு முன்னாடியே தெரியும். அதனால்தான், எங்கோ மெட்ராஸ் ஸ்டூடியோவில் தெலுங்கில் எடுத்து, உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும் டப்பிங்கில் வந்த 'ஜகன்மோகினி' தென்காசியில் அந்நியப் படமாகத் தெரியவில்லை.

கூடாரத்தில் படித்த பாடம்

விட்டலாச்சார்யாவின் வாழ்க்கையில் ஒரு சின்ன அரசியல் அத்தியாயமும் உண்டு. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் நண்பர்களோடு கலந்துகொண்டு சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் ஹோட்டலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நண்பர் டி.சங்கர் சிங் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து ஹாசன் மாவட்டத்தில் டூரிங் டாக்கீஸ் தொடங்கினார். ஒன்று நாலாகப் பெருகியது.

இதுதான் அவருடைய ஃபிலிம் இன்ஸ்டிடியூட். டூரிங் டாக்கீஸ் என்றால் என்னவென்று இன்றைய தலைமுறைக்கு: கீற்றோ கூடாரமோ போட்ட கொட்டகை, மணல் தரை, ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் படம் நிற்கும். அதனால் ஒரு இன்டர்வெல் இல்லை, மூணு நாலு இன்டர்வெல். வெளியே முறுக்கு, கடலை வாங்கப் போனவனைத் திரும்ப உள்ளே இழுத்து வரும் அளவுக்கு ஒவ்வொரு ரீலிலும் ஏதாவது நடக்கணும். எந்த இடத்தில் கூட்டம் அசையாமல் உட்காருகிறது, எந்த இடத்தில் பீடி பற்ற வைக்க எழுந்து போகிறது என்பதை விட்டலாச்சார்யா வருஷக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தார். ஓடிய ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். பிற்காலத்தில் அவருடைய படங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு மாயம், ஒரு சண்டை, ஒரு பாட்டு என்று வரிசை கட்டி வருவதற்கு இந்தக் கொட்டகைப் பாடம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

பிறகு மைசூருக்குக் குடிபெயர்ந்து, சங்கர் சிங்குடன் 'மகாத்மா பிக்சர்ஸ்' கம்பெனி. கன்னடத்தில் வரிசையாகப் படங்கள். 1951-ல் சங்கர் சிங் இயக்கத்தில் அந்தக் கம்பெனி எடுத்த ஒரு கன்னடப் படத்தின் பெயரும் 'ஜகன்மோகினி'தான். 27 வருஷம் கழித்து விட்டலாச்சார்யா தூசி தட்டி எடுத்தது அந்தத் தலைப்பைத்தான்.

1953-ல் கூட்டு பிரிந்தது. 'விட்டல் புரொடக்‌ஷன்ஸ்' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். கன்னடத்தில் எடுத்த 'கன்யாதான'வைத் தெலுங்கில் எடுக்க மெட்ராஸ் வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். அப்போது தெலுங்கு, தமிழ், கன்னடம் எல்லா சினிமாவுக்கும் மெட்ராஸ்தானே தலைநகரம்! முதலில் குடும்பக் கதைகள். பிறகு ராஜா, மந்திரி, மந்திரவாதி, அரக்கன். இந்தப் பக்கம் திரும்பியதும் மனிதர் நிற்கவே இல்லை. காந்தாராவ், என்.டி.ராமாராவ் என்று பெரிய நாயகர்கள் வாள் சுழற்றினார்கள். 'பந்திபோட்டு' (1963), 'அக்கி பிடுகு' (1964), 'மங்கம்மா சபதம்' (1965), 'கண்டிகோட்ட ரகசியம்' (1969), 'ஆலிபாபா 40 தொங்கலு' (1970) என்று பட்டியல் நீளம்.

கையில் காசு இல்லை, கேமரா இருக்கிறது

அந்தக் காலத்து மாயாஜாலப் படம் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது விஜயா புரொடக்‌ஷன்ஸ். 1951-ல் 'பாதாள பைரவி', 1957-ல் 'மாயா பஜார்'. இரண்டுக்கும் கேமரா மார்கஸ் பார்ட்லி. ரங்காராவ் கை வைக்காமலே கல்யாண விருந்து காலியாகும் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் ஒட்டு தெரியாது. ஆனால் அந்தத் துல்லியத்துக்குப் பின்னால் பெரிய ஸ்டூடியோவும், பொறுமையாகச் செலவழிக்கும் நேரமும் இருந்தது.

விட்டலாச்சார்யாவிடம் அந்த இரண்டும் கிடையாது. அவர் சிக்கன முதலாளி. ஒரு படத்துக்குப் போட்ட அரண்மனை செட் அடுத்த படத்தில் வேறு ராஜாவின் அரண்மனையாக வரும். அவரைப் பற்றிச் சினிமா வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நாயகன் சம்பளத்துக்கோ தேதிக்கோ தகராறு செய்தால், மந்திரவாதி சாபத்தால் நாயகன் கிளியாகவோ ஆடாகவோ மாறிவிட்டான் என்று கதையைத் திருப்பிவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்வாராம். ஆட்டுக்கு கால்ஷீட் பிரச்னை கிடையாதே! எந்தப் படத்தில் எந்த நடிகர் என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அவர் வேலை செய்த விதத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பேய் எப்படி மறைந்தது? கேமராவை அசையாமல் நிறுத்தி, ஓட்டத்தை நிறுத்தி, நடிகை விலகிப் போனதும் மறுபடி ஓட்டினால் ஆள் மாயம். பிரான்ஸின் ஜார்ஜ் மெலியே 1896-லேயே செய்து காட்டிய வித்தை அது. ஆவி மாதிரி ஊடுருவித் தெரிய வேண்டுமா? ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை படம் எடுக்க வேண்டும். முதலில் காலி அறை, பிறகு ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, கறுப்புத் துணிக்கு முன்னால் நடிகை. ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிய, லென்ஸில் பாதியை மறைத்து ஒரு தடவை, மீதியை மறைத்து இன்னொரு தடவை. கறுப்பு உடையில் வெள்ளை எலும்பு வரைந்துகொண்டு கறுப்புத் திரைக்கு முன்னால் ஆடினால் எலும்புக்கூடு நடனம் ரெடி. அடுப்பில் கால் எரியும் காட்சிக்குத் தேவை ஒரு பொய்க்காலும், நிஜக் காலை மறைக்க ஒரு வழியும், அந்த மறைவு தெரியாத கேமரா கோணமும்தான்.

எல்லாமே கேட்க சுலபம். செய்யும்போதுதான் சிக்கல். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் பின்னால் இருக்கும் தூண் துள்ளும். இரண்டு படங்களை ஒன்றாக்க ஃபிலிமை மறுபடி பிரதி எடுக்கும்போது தரம் குறையும். புள்ளி புள்ளியாகத் தெரியும், நிறமும் கொஞ்சம் மங்கும். பழைய படங்களைக் கவனித்துப் பாருங்கள்: மாயம் நடப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே திரை சட்டென்று மங்கலாகும். அனுபவப்பட்ட ரசிகன் அப்போதே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். கறுப்பு வெள்ளையில் இந்தக் குறைகள் நிழலுக்குள் ஒளிந்துகொண்டன. கலர் வந்ததும் பெயின்ட், பிளாஸ்டிக், அட்டை என எல்லாம் பளிச்சென்று வெளியே வந்தது. விட்டலாச்சார்யாவின் கறுப்பு வெள்ளைப் படங்களில் இருக்கும் மர்மம் அவருடைய கலர் படங்களில் கொஞ்சம் குறைவாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

குற்றாலத்துக்காரரை ஏமாற்ற முடியாத ஒரு ஷாட்

இந்த இடத்தில் குற்றாலத்தை வைத்தே ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். மாயாஜாலப் படங்களில் மலை, அருவி, கோட்டை எல்லாம் சின்ன மாதிரிகளாகச் செய்து எடுப்பார்கள். கோட்டையைச் சின்னதாகச் செய்தால் நம்பிவிடலாம். தண்ணீர் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன்? 60 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் தண்ணீர் தரையைத் தொட சுமார் 3.5 வினாடி ஆகும். குற்றாலம் பேரருவியின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான், அங்கே தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி வருகிறது என்பது வேறு விஷயம். இதையே நூறில் ஒரு பங்காக, 60 சென்டிமீட்டர் மாதிரியாகச் செய்தால் தண்ணீர் 0.35 வினாடியில் கீழே வந்துவிடும். அருவி மாதிரி இருக்காது, குழாயைத் திறந்த மாதிரி இருக்கும். அதை அருவியாகக் காட்ட கேமராவைப் பத்து மடங்கு வேகத்தில், வினாடிக்கு 240 பிரேம் ஓட்டி எடுக்க வேண்டும். அப்படியே எடுத்தாலும் துளியின் அளவைச் சின்னதாக்க முடியாது. மாதிரிக் கோட்டை மேல் ஒரு துளி விழுந்தால் அது பானை அளவுக்குத் தெரியும். ஜூன் மாதச் சாரலில் நின்று, பெரிய அருவியின் தண்ணீர் எப்படிப் புகையாக உடைந்து இறங்குகிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள் இந்த ஷாட்டில் முதல் ஆளாகச் சிரிப்பார்கள்.

அப்புறம் ஏன் நேராகக் குற்றாலத்துக்கே வந்து பேயை எடுக்கக் கூடாது? இரண்டு தடவை படம் எடுக்கும் வித்தைக்கு எதுவுமே அசையக் கூடாது, வெளிச்சம் மாறக் கூடாது. செண்பகாதேவி பக்கம் காற்று ஒரு நிமிடம் நிற்குமா, சாரல் லென்ஸை விட்டுவைக்குமா? அதனால்தான் அந்தக் காலத்து மோகினிகள் எல்லாம் மெட்ராஸ் ஸ்டூடியோக் காட்டிலேயே குடியிருந்தார்கள்.

அமெரிக்காவில் ஒரு சிரிப்பு, ஆந்திராவில் ஒரு சிரிப்பு

1973-ல் உலகத்தையே நடுங்க வைத்த படம் 'தி எக்ஸார்சிஸ்ட்'. அதன் இரண்டாம் பாகம் 1977 ஜூனில் வந்தது. இயக்குநர் ஜான் பூர்மன், நடிப்பு ரிச்சர்ட் பர்ட்டன், முதல் பாகத்தில் பேய் பிடித்த சிறுமியாக நடித்த லிண்டா பிளேர். பெரிய ஸ்டூடியோ, பெரிய பணம். தியேட்டரில் ஜனங்கள் சிரித்தார்கள். பயங்கரமான இடங்களில்தான் சிரிப்பு அதிகம். பூர்மன் அவசர அவசரமாகப் படத்தை மறுபடி வெட்டி ஒட்டி அனுப்பினார். பலிக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம், 1978-ல், அந்தப் படத்தின் செலவில் ஓரத்துக்குக்கூட வராத பணத்தில் 'ஜகன்மோகினி' வந்தது. நரசிம்மராஜு, பிரபா, மோகினியாக ஜெயமாலினி. நாயகனை மயக்கி வீட்டுக்குள் புகுந்துவிடும் மோகினிக்கும், பக்தியே பலமாக இருக்கும் மனைவிக்கும் நடக்கும் போராட்டம்தான் கதை. தெலுங்கில் பெரிய வெற்றி. தமிழில் டப் ஆகி இங்கேயும் ஓடு ஓடு என்று ஓடியது. இதிலும் ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் யாரும் படத்தை வெட்டி ஒட்டவில்லை.

இரண்டு சிரிப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது. அடுப்பில் கால் வைக்கும் காட்சியை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த மருமகள் சமைக்கிறாள். விறகு இல்லை. காலை நீட்டுகிறாள், அது எரிகிறது, அவள் பாட்டுக்குக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். கால் பொம்மை என்று கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பேயின் கையால்தான் சாப்பாடு என்ற எண்ணம் வயிற்றைப் பிசையும். சிரிப்பு வந்த பிறகும் பயம் கலையவில்லை, ஏனென்றால் பயம் அந்தப் பொய்க்காலில் இல்லை, அந்தச் சமையலறையில் இருந்தது. நம்முடைய வீட்டுச் சமையலறை மாதிரியே இருந்த சமையலறை அது. யட்சகானக் கோமாளியைப் பார்த்து வளர்ந்தவர் இந்தச் சிரிப்பைத் தெரிந்தேதான் வைத்திருப்பார் என்று நம்ப நிறைய இடம் இருக்கிறது.

எக்ஸார்சிஸ்ட் இரண்டாம் பாகத்தில் அப்படி இல்லை. படம் தன்னை ரொம்பப் பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட படத்தில் சிரிப்பு ஒருமுறை நுழைந்துவிட்டால் வெளியே போகாது.

அவருக்கும் சறுக்கியது

ஒரு படம் ஓடினால் அதே மாதிரி இன்னொன்று என்பது சினிமாவின் பழைய வியாதி. விட்டலாச்சார்யா அதற்கு விதிவிலக்கு கிடையாது. 1979-ல் 'கந்தர்வ கன்யா', 1980-ல் 'மதன மஞ்சரி', எண்பதுகளில் 'நவ மோகினி', 'மோகினி சபதம்' என்று போய்க்கொண்டே இருந்தார். பெயரில் பார்ட் 2 என்று போடவில்லை, அவ்வளவுதான். எலும்புக்கூடு இதிலும் ஆடியது, கை இதிலும் நீண்டது. ஆனால் முதல் தடவை கை நீண்டபோது அது எதை எடுக்கப் போகிறது என்று தெரியாது. ஐந்தாவது தடவை, கை நீளும் என்று டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். கதையில் வேலை இல்லாத மாயத்தைப் பார்க்கும்போது கண் நேராக ஒட்டுக்கும் கயிற்றுக்கும்தான் போகும்.

காலமும் மாறியது. 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் 3டி படமாக வந்து, ஐஸ்கிரீமை ரசிகன் மூக்குக்கு நேராக நீட்டியது. டூரிங் டாக்கீஸ்கள் மூட ஆரம்பித்தன. ராஜா ராணிக் கதைகளுக்கான கூட்டமே கலைந்துகொண்டிருந்தது. 1995-ல் கோடி ராமகிருஷ்ணாவின் 'அம்மோரு', தமிழில் 'அம்மன்' என்று வந்து, கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் சாமியையே இறக்கிக் காட்டியது. ஆடி மாதமானால் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த படம் அது. நாற்பது வருஷம் கறுப்புத் துணியும் பொய்க்காலும் வைத்துப் பேய் காட்டியவரின் தொழில் அதோடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது எனலாம். 1999 மே 28-ம் தேதி விட்டலாச்சார்யா காலமானார். மொத்தம் சுமார் 70 படங்கள். விமர்சகர்கள் அவரைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. அவரும் அதற்காகப் படம் எடுத்தவர் இல்லை.

ஒரே வருஷம், இரண்டு பேய்

அவர் போய்ப் பத்து வருஷம் கழித்து ஒரு வேடிக்கை நடந்தது. 2009-ல் தமிழில் 'ஜகன்மோகினி'யை மறுபடி எடுத்தார்கள். என்.கே.விஸ்வநாதன் இயக்கம், நமீதா மோகினி, இளையராஜா இசை. கிராபிக்ஸ் தாராளம். அதே 2009-ல்தான் தெலுங்கிலிருந்து 'அருந்ததீ' வந்தது, 'அம்மோரு' எடுத்த அதே கோடி ராமகிருஷ்ணா. அனுஷ்கா நடித்த அந்தப் படத்தைப் பார்த்து ஜனங்கள் நிஜமாகவே பயந்தார்கள். பழைய 'ஜகன்மோகினி'யின் பெயரை வைத்து வந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டிலும் கம்ப்யூட்டர் இருந்தது. 'அருந்ததீ'யில் கிராபிக்ஸ் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்தப் பாழடைந்த அரண்மனைக்குள் என்ன அடைபட்டுக் கிடக்கிறது, அது ஏன் அவளைத்தான் தேடுகிறது என்று ரசிகனுக்குத் தெரிந்துவிடும். புது 'ஜகன்மோகினி'யில் கடல், முத்து, கவர்ச்சி, மந்திரம் என்று எல்லாம் இருந்தது. சமையலறை இல்லை.

இப்போது வரும் இரண்டாம் பாகங்களுக்கும் இதே கணக்குதான். 1993-ல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்ரதாழ்' படத்தில் பேயே கிடையாது. எல்லாம் ஒரு பெண்ணின் மனசுக்குள் நடந்தது. அதனால் கிராபிக்ஸ் தேவைப்படவில்லை. ஷோபனாவின் கண்களே போதுமாக இருந்தது. அது கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகி, 2005-ல் 'சந்திரமுகி'யாக வந்தபோது ஒரு பாம்பு கூடுதலாகச் சேர்ந்தது. 2010-ல் கன்னடத்தில் இரண்டாம் பாகமாக 'ஆப்தரட்சகா'. 2023-ல் 'சந்திரமுகி 2'. முதல் கதையில் நோயாக இருந்தது இங்கே நிஜ ஆவியாகவே ஆகிவிட்டது. ஆவி வந்தால் பறக்கணும், பறந்தால் கிராபிக்ஸ் வேணும். முதல் பாகத்தில் நடிப்பு சுமந்த பாரத்தை இரண்டாம் பாகத்தில் கம்ப்யூட்டர் சுமக்க வேண்டியதாகிவிட்டது.

அதிலும் ஏன் ஒரு ஷாட் நன்றாகவும் அடுத்த ஷாட் மோசமாகவும் இருக்கிறது? கிராபிக்ஸ் வேலை ஷாட் கணக்கில் பிரித்துத் தரப்படுகிறது. பெரிய படங்களில் பல கம்பெனிகளுக்குக்கூடப் பிரித்துக் கொடுப்பார்கள். டிரெய்லரில் வரும் ஷாட்டுக்கு நேரமும் பணமும் போகும். கடைசியில் வரும் கிளைமாக்ஸ் ஷாட், ரிலீஸ் தேதி நெருங்க நெருங்க, ராத்திரி பகலாக உட்கார்ந்து முடிக்கப்படும். செட்டில் எந்தப் பக்கம் விளக்கு இருந்தது என்ற குறிப்பு சரியாக வராவிட்டால், பேய் மேல் ஒரு வெளிச்சமும் நாயகன் மேல் இன்னொரு வெளிச்சமும் விழும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஒட்டாது. திட்டு விழுவது கிராபிக்ஸ் செய்தவர்களுக்கு. தேதியை முடிவு செய்தவர்கள் வேறு.

ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' வரிசையும் சுந்தர்.சி-யின் 'அரண்மனை' வரிசையும் இதில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தன. பயத்துக்கு நடுவே சிரிப்பை ஆரம்பத்திலிருந்தே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார்கள். 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் பேயைப் பார்த்து அம்மா இடுப்பில் ஏறி உட்காரும் நாயகனைக் காட்டிச் சிரிக்க வைத்த பிறகு, ஒரு திருநங்கைக்கு நடந்த கொடுமையைச் சொல்லும்போது தியேட்டர் அமைதியானது. அந்த இடத்தில் பறக்கும் பேயின் கிராபிக்ஸ் எப்படி என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வரிசையில் அடுத்தடுத்த பாகங்கள் வந்தபோது கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யின் துண்டுகள் இப்போது ரீல்ஸில் சுற்றுகின்றன, பெரும்பாலும் சிரிப்பு எமோஜியோடு. கீழே கமென்ட்டில், சின்ன வயதில் இதைப் பார்த்துவிட்டு ராத்திரி அடுப்படிப் பக்கம் தனியாகப் போகமாட்டேன் என்று யாராவது ஒருவர் எழுதியிருப்பார்.